தொடுவதற்கு ஒரு கோயில்

மாமல்லபுரத்துக்குப் போகலாம் என்று கிளப்பிவிட்டது ஜெசிந்தாவின் கணவன் ஆல்வின்தான். சிறுசேரியில் கம்பெனி ஆட்களை ஏற்றி இறக்கும் பஸ்ஸை வாரம் முழுக்க ஓட்டுகிறவன், ஞாயிற்றுக்கிழமையும் வண்டியை எடுக்கத் துடித்தது அவளுக்குச் சிரிப்பாக இருந்தது. ஆனால் மகள் ஜெபா விடுமுறைக்கு வந்திருந்தாள். அவளுக்கு அலை என்றால் உயிர். பூசை முடிந்த கையோடு மூன்று பேரும் பைக்கில் ஏறிவிட்டார்கள்.

ஜெபாவுக்கு அப்போது ஒன்பது வயது. ஏழாம் மாதத்திலேயே அவசரப்பட்டுப் பிறந்த குழந்தை. உயிர் தங்கியதே பெரிது என்றிருந்த வீட்டுக்கு, பார்வை வராது என்ற செய்தி கொஞ்சம் தாமதமாகத்தான் வந்தது. ஜெசிந்தா சில நாள் அழுதாள். பிறகு விசாரிக்கத் தொடங்கினாள். சென்னையில் பார்வையற்ற பிள்ளைகளுக்கான விடுதிப் பள்ளி ஒன்றைக் கண்டுபிடித்து, வயது வந்ததும் கொண்டுபோய்ச் சேர்த்தாள். "பெத்த புள்ளைய ஆஸ்டல்ல தள்ளிட்டா" என்று ஊரில் பேசியவர்களுக்கு அவள் பதில் சொன்னதில்லை. திருவிழாப் பூசையில் ஜெபா பிரெய்ல் தாளைத் தடவிக்கொண்டே தடங்கலில்லாமல் பைபிள் வாசகம் வாசித்த நாளில் அந்தப் பேச்சு நின்றுபோனது.

கடலில் ஆசை தீர நனைந்துவிட்டு, சிற்பக் கடைகள் இருக்கும் தெரு வழியாக நடந்தார்கள். அம்சா என்ற பெண் நடத்தும் ஒரு கடையில் ஜெசிந்தா எதையோ பார்த்துக்கொண்டிருந்தபோது, ஜெபாவின் கை பலகையில் இருந்த ஒரு கல்லின் மேல் போய் நின்றுவிட்டது. மாக்கல்லில் செதுக்கிய ரதம். உள்ளங்கையைவிடக் கொஞ்சம் பெரிது.

"இது இன்னா?" என்று கேட்டாள்.

"அதாம்மா தேரு," என்றாள் அம்சா. "அங்க பாறையில பெருசா கீதே, அதேதான். சைஸுதான் சின்னது."

"அதே மாரியேவா?"

"அச்சு அசல் அதே மாரி."

ஜெபா அந்தக் கல்லை இரண்டு கையாலும் எடுத்தாள். அடியிலிருந்து மேலே, மேலேயிருந்து அடிக்கு, ஒவ்வொரு மடிப்பாக விரலை விட்டுப் பார்த்தாள். காலையில் உண்மையான ரதத்தின் பக்கத்திலேயே அவளைக் கூட்டிப்போயிருந்தார்கள். அவளுக்கு எட்டியது இடுப்பளவு பாறை மட்டும். "சொரசொரன்னு கீது" என்று சொல்லிவிட்டு வந்தவள், இப்போது "அட, மேல இப்டியா கீது!" என்று கடையே திரும்பிப் பார்க்கும்படி கத்தினாள்.

பிறகு, மிகச் சாதாரணமாகக் கேட்டாள்: "மா, நம்ம கோயிலு இங்க கெடைக்குமா? கேட்டுப் பாரேன்."

அம்சா சிரித்தாள். "எந்தக் கோயிலு கண்ணு?"

"சவேரியார் கோயிலு. படாளத்துக்கு உள்ள. சவேரியார்பாளையம்."

அந்தப் பேரை அம்சா கேள்விப்பட்டதே இல்லை. "வெளியூரு ஜனம் கேக்கிறததான் இங்க செய்றோம். உங்க ஊரு கோயிலு உங்க ஊருலதான் கெடைக்கும்" என்று சொல்லி, ரதத்தைத் தாளில் சுற்றி ஜெபாவின் கையில் கொடுத்தாள்.

பைக்கில் திரும்பி வரும் வழி முழுக்க ஜெசிந்தாவுக்கு அந்தக் கேள்விதான் ஓடியது. ஜெபாவுக்கு ஞானஸ்நானம் கொடுத்தது அந்தக் கோயிலில். நடை பழகியது அதன் முற்றத்தில். சுவரில் எந்த இடத்தில் காரை பெயர்ந்திருக்கிறது, எந்தத் தூண் குளிர்ச்சியாக இருக்கும் என்பதெல்லாம் அவளுக்கு மனப்பாடம். ஆனால் அவள் கைக்கு எட்டாத உயரத்தில் அந்தக் கோயில் எப்படி இருக்கிறது என்று அவளுக்குத் தெரியாது. யாரும் சொல்லவும் இல்லை. கேட்டால் "பெருசா கீதும்மா" என்பார்கள்.

ஜெசிந்தா பத்தாவதுவரை படித்தவள். மறைமலை நகரில் ஒரு கம்பெனியில் பேக்கிங் வேலை பார்த்துவிட்டு, பொத்தேரியில் ஒரு பெரிய கல்லூரியில் ஆய்வகப் பணியாளராகச் சேர்ந்திருந்தாள். கட்டடக்கலை படிக்கும் பிள்ளைகள் அட்டையிலும் பலகையிலும் மாதிரி வீடு, மாதிரி ஆஸ்பத்திரி, மாதிரி விமான நிலையம் எல்லாம் செய்கிற கூடம் அவள் பொறுப்பில் இருந்தது. தினமும் காலையில் செங்கல்பட்டு வந்து மின்சார ரயில் பிடித்துப் போய், பிள்ளைகள் போட்டுவிட்டுப் போன குப்பையை வாரி, பிளேடுகளை எண்ணி வைப்பாள். வாரிக் கொட்டியவற்றில் முக்கால்வாசி நல்ல அட்டை என்று அவளுக்கு எப்போதும் ஒரு வருத்தம் உண்டு.

மறுநாள் அந்தக் கூடத்தின் பொறுப்பாசிரியை பிரபாவதியிடம் போய் நின்றாள். இரண்டு பேருக்கும் ஏறக்குறைய ஒரே வயது. மதியச் சாப்பாட்டில் ஊறுகாய் மாற்றிக்கொள்கிற அளவுக்குப் பழக்கம்.

"மேடம், இவ்ளோ பெரிய கட்டடத்த இத்துனூண்டு ஆக்குறாங்களே, எது எவ்ளோ சின்னதாவணும்னு எப்டி தெரியும்?"

பிரபாவதி காரணம் கேட்டாள். ஜெசிந்தா சொன்னாள். பிரபாவதி மேசை நாட்காட்டியைப் புரட்டிப் பார்த்தாள். பிறகு, "சனிக்கிழமை நான் வரேன், அளந்துடலாம்" என்றாள்.

அந்தச் சனிக்கிழமை சவேரியார்பாளையமே கோயில் முற்றத்தில் கூடிவிட்டது. கோயிலை இடிக்கப் போகிறார்களோ என்று பயந்து ஓடிவந்தவர்களும் உண்டு. பிரபாவதி கையில் ஒரு சின்னக் கருவி. சுவரில் சிவப்புப் புள்ளி விழும், தூரம் திரையில் வரும். ஜெசிந்தா ஒரு முனையில் நின்று எழுதிக்கொண்டாள். ஐம்பதில் ஒரு பங்கு என்று முடிவானது. கோயில் ஒரு சாப்பாட்டு மேசையில் அடங்கிவிடும்.

அதற்குப் பிறகு கல்லூரி முடிந்த நேரங்களில் எல்லாம் அவள் அட்டை வெட்டினாள். முதலில் வெட்டிய கோபுரம் நிற்கவே இல்லை. இரண்டாவது நின்றது, ஆனால் குடிகாரன் மாதிரி சாய்ந்து நின்றது. பிரபாவதி உள்ளே குறுக்குப் பலகை கொடுக்கச் சொல்லித்தந்தாள். அட்டையை எந்தப் பக்கம் கீறினால் சுத்தமாக மடியும், பசையை எவ்வளவு மெல்லியதாகத் தடவினால் சுருங்காது என்று ஒவ்வொன்றாகப் பிடிபட்டது. கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு ஜெபா வருவதற்கு முன்பே கோயில் தயாராகிவிட்டது. ஆல்வின் அதைத் தன் கம்பெனி பஸ்ஸின் கடைசி சீட்டில் வைத்து, சாலைப் பள்ளங்களில் எல்லாம் ஊர்ந்து ஊர்ந்து வீட்டுக்குக் கொண்டுவந்தான். "இவ்ளோ ஸ்லோவா நான் வண்டி ஓட்டினதே இல்ல. பின்னாடி வந்தவன் எல்லாம் திட்டிகினே போறான்" என்றான்.

ஜெபாவை நடுக்கூடத்தில் உட்காரவைத்து, அவள் முன்னால் அட்டைக் கோயிலை வைத்தார்கள்.

"இன்னா இது?"

"தொட்டுப் பாரு," என்றாள் ஜெசிந்தா.

ஜெபாவின் விரல்கள் அடியில் தொடங்கின. படி. இன்னொரு படி. கதவு. கதவைத் தொட்டதும் அவளுக்குத் தெரிந்துவிட்டது. "நம்ம கோயிலு!" என்றாள். விரல்கள் கதவின் மேல் வளைவுக்குப் போயின, அதற்கு மேல் வட்ட ஜன்னலுக்கு, அதற்கும் மேலே. வலது பக்கக் கோபுரத்தைப் பிடித்துக்கொண்டு ஏறின.

"இன்னும் போவுதா? மா, இன்னும் கீதா?"

"இன்னும் கீது. போ."

உச்சியில் சிலுவை தட்டுப்பட்டபோது அவள் சிரித்தாள். பல் எல்லாம் தெரியும்படி, வாய்விட்டு. பிறகு இடது பக்கம் வந்து அதே மாதிரி ஏறினாள். பாதியில் விரல் சட்டென்று வெறும் காற்றில் விழுந்தது. முகம் மாறிவிட்டது.

"ஐயோ, நான் ஒடச்சிட்டனா?"

"இல்லடி. அது அப்டித்தான். அந்தக் கோபுரம் குட்ட."

"குட்டன்னா?"

"அத முழுசா கட்டல."

ஜெபா கையை எடுக்காமல் தலையை மட்டும் தூக்கினாள். "இத்தினி வருசமா எனக்கு ஒருத்தர்கூடச் சொல்லலயே!"

ஜெசிந்தாவும் ஆல்வினும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். யாரும் மறைக்கவில்லை. கண்ணுள்ளவர்கள் தினமும் பார்க்கிற ஒன்றை யார் யாருக்குச் சொல்வார்கள்? அன்றைக்குத்தான் ஜெசிந்தா தன் மகளுக்கு அந்தக் கதையைச் சொன்னாள். பெரிய பஞ்ச காலத்தில், நிலமில்லாத கூலி ஜனம் பட்டினி கிடந்தபோது, வெள்ளைக்கார சாமியார் ஒருவர் கஞ்சி ஊற்றி இந்தக் கோயிலைக் கட்டவைத்தார். கல் சுமந்தது, செங்கல் சுட்டது எல்லாம் அவர்களுடைய முன்னோர்கள். வலது கோபுரம் முடிந்து இடது கோபுரம் பாதி எழும்பியபோது மழை கொட்டியது. ஏரி நிரம்பியது. நடவுக்கு ஆள் வேண்டுமென்று பண்ணைக்காரர்கள் வந்து எல்லோரையும் கூப்பிட்டுக்கொண்டு போனார்கள். கோபுரம் அப்படியே நின்றுவிட்டது.

"அப்போ மழ வந்ததாலதான் குட்டையா?" என்றாள் ஜெபா. "சூப்பரு!"

மறுநாள் தெருவில் எதிர்ப்பட்ட ஒவ்வொருவரையும் நிறுத்தி, குட்டைக் கோபுரத்தைப் பற்றித் தன்னிடம் ஏன் சொல்லவில்லை என்று சண்டை பிடித்தாள்.

விடுமுறை முடிந்து போகும்போது அட்டைக் கோயிலைப் பள்ளிக்கு எடுத்துப்போக வேண்டுமென்று பிடிவாதம். எடுத்துப்போனாள். கோடை விடுமுறையில் அது திரும்பி வந்தபோது ஆல்வினுக்கு மனசே ஆறவில்லை. கூரை உள்ளே அமுங்கியிருந்தது. சிலுவையைக் காணோம். ஜன்னல்கள் எல்லாம் ஒரே பெரிய ஓட்டையாகிவிட்டிருந்தன.

"பேஜாராயிடுச்சே ஜெசி. எவ்ளோ கஷ்டப்பட்டு செஞ்ச."

ஜெசிந்தா அந்த நசுங்கிய அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அழுக்குப் படிந்த சின்னச் சின்ன விரல் தடங்கள் கூரை முழுக்க இருந்தன. அவளுக்குத் துக்கம் வரவில்லை. அந்தப் பள்ளியில் எத்தனை பிள்ளைகளுக்குச் சவேரியார்பாளையம் கோயில் இப்போது தெரியும் என்று நினைத்தபோது நெஞ்சு நிமிர்ந்தது.

"அட்டைல செஞ்சது என் தப்பு," என்றாள். "கெட்டியா ஒண்ணு செய்யணும்."

அதற்குச் சமயம் வர வருடங்கள் ஆயின. ஜெபா பள்ளி முடித்து, சென்னையிலேயே கல்லூரியில் வரலாறு படிக்கப் போனாள். அந்தச் சமயத்தில் கோயிலின் நூற்றைம்பதாவது ஆண்டு நெருங்கியது. பங்கு சாமியார் ஃபாதர் ஜோஷ்வா கூரையைப் பழுது பார்க்க ஏற்பாடு செய்தார். உளுத்துப்போன தேக்கு விட்டங்களை இறக்கிக் கோயிலுக்குப் பின்னால் அடுக்கினார்கள். விறகுக்குப் போக இருந்த மரம். ஜெசிந்தா அதில் ஒரு துண்டை எடுத்து மேல் தோலைச் சீவிப் பார்த்தாள். உள்ளே மரம் தேன் நிறத்தில் இறுகிக் கிடந்தது.

"ஃபாதர், இதுல நம்ம கோயில செய்யட்டுமா? விழாவுக்கு."

"எதைச் செய்யப் போறீங்க?"

"இதே கோயிலத்தான். இதோட மரத்துலயே."

ஃபாதர் ஜோஷ்வா நல்ல விட்டங்களாகப் பார்த்துத் தானே ஒதுக்கிக்கொடுத்தார். பிரபாவதி துறைத்தலைவரிடம் பேசி, வேலை நேரம் முடிந்த பிறகு கூடத்தின் மின்சார ரம்பத்தைப் பயன்படுத்த அனுமதி வாங்கினாள். முதல் நாளே மரத்துக்குள் புதைந்திருந்த பழைய ஆணி ஒன்று பட்டு ரம்பப் பட்டை படாரென்று அறுந்தது. ஜெசிந்தா சுவிட்சை அணைத்துவிட்டுப் பின்வாங்கினாள். பிரபாவதி அவளை உட்காரவைத்து டீ வாங்கிக்கொடுத்து, "பட்டை மாத்திக்கலாம். நாளைக்கு முதல்ல காந்தம் வெச்சுப் பாத்துட்டு அறுப்போம்" என்றாள். அடுத்த நாளிலிருந்து அப்படியே செய்தார்கள்.

இந்த முறை ஜெபா பரிசோதகர். ஒவ்வொரு விடுமுறைக்கும் வந்து தடவிப் பார்த்து, கொஞ்சமும் இரக்கமில்லாமல் தீர்ப்புச் சொன்னாள்.

"மா, இது ஓடா? வெரலுக்குத் தகரம் மாரி கீது."

ஜெசிந்தா கூரை முழுக்க வரிவரியாகக் கீறினாள்.

"இந்தச் சின்னச் செலயெல்லாம் இன்னாத்துக்கு? வெரலுக்கு ஏதோ பரு மாரி தெரியுது. எடுத்துடு. வேணும்னா ஒண்ணே ஒண்ணு, பெருசா வை."

எடுத்துவிட்டாள். வாசலுக்கு மேலே சவேரியாரை மட்டும் பெரிதாகச் செய்து வைத்தாள். கண்ணுக்கு அழகாக இருப்பது விரலுக்கு அழகில்லை என்பது அவளுக்குக் கொஞ்சம் கொஞ்சமாகப் புரிந்தது. செங்கல் தெரிகிற இடத்தில் மணலும் பசையும் கலந்து பூசினாள். காரை பூசிய இடத்தை உப்புத்தாள் போட்டு வழவழப்பாக்கவேண்டியிருந்தது. அந்த வேலை ஆல்வினுடையது. பஸ் ஓட்டிவிட்டு வந்து, டிவியில் கிரிக்கெட்டைக் கேட்டுக்கொண்டே தேய்த்துக்கொண்டிருப்பான். ஜன்னல்களுக்குக் கண்ணாடி போலக் குளிர்ச்சியான பிளாஸ்டிக் தகடு வைத்தாள். கூரையைத் தூக்கினால் உள்ளே பீடமும் தூண்களும் பெஞ்சுகளும் கைக்கு அகப்படும். கோபுரத்துக்குள் ஒரு சலங்கை மணியைத் தொங்கவிட்டு, கயிறு இழுத்தால் கிணுகிணுக்கும்படி செய்திருந்தாள். அதை ஜெபா அடித்த அடியில் பக்கத்து வீட்டு நாய் குரைத்தது.

விழாவுக்கு முந்தைய வாரம் மாதிரியைக் கோயிலுக்குக் கொண்டுபோனார்கள். கோயில் நிர்வாகத்தைக் கவனிக்கும் பங்குப் பேரவையின் தலைவர் சின்னராசு அதைச் சுற்றிச் சுற்றி வந்தார். ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். ஆல்வினுக்குப் பெரியப்பா மகன். ஜெசிந்தாவுக்கு மாமா முறை. கோயில் விஷயம் என்றால் சாப்பாடு தண்ணி மறந்துவிடுவார். மாதிரியைப் பார்த்து அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

"ஜெசி, இன்னாமா செஞ்சிக்கீற நீ! இது பொக்கிசம்மா."

அந்தப் பொக்கிஷத்துக்கு அவர் தன் பங்குக்கு ஒன்று செய்தார். இரண்டு நாளில் செங்கல்பட்டிலிருந்து பெரிய கண்ணாடிப் பெட்டி ஒன்று வந்து இறங்கியது. பித்தளை விளிம்பு, உள்ளே விளக்கு, முன்னால் பூட்டு. மாதிரியை அதற்குள் வைத்து, மேலே எனாமல் பெயின்ட்டில் எழுதிய பலகையை மாட்டிவிட்டார்: 'தொடாதீர்கள்.'

ஜெசிந்தா கல்லூரியிலிருந்து திரும்பி வந்து பார்த்தாள். பலகையைப் படித்துவிட்டு நேராகச் சின்னராசுவிடம் போனாள்.

"மாமா, இது தொடுறதுக்குத்தான செஞ்சது?"

"இன்னாமா பேசுற? விழாவன்னிக்கு ஆயிரம் ஜனம் வரும். ஆளுக்கு ஒரு கை வெச்சா இன்னாத்துக்கு ஆவும்? பெரிய பெரிய ஊருல, மியூசியத்துல எல்லாம் கண்ணாடிக்குள்ளதான் வெக்கிறான். நம்ம ஜனத்துகிட்ட கண்ணாடிக்குள்ள வெக்கிற மாரி இன்னா கீது சொல்லு? மொத மொதலா ஒண்ணு வந்துகீது. அத மரியாதயா வெக்க வேணாமா?"

அவர் சொன்னதில் பொய்யில்லை. ஜெசிந்தா வீட்டுக்கு வந்து ஆல்வினிடம் புலம்பினாள். அவன், "அண்ணாத்தகிட்ட யாரு பேசி ஜெயிக்கிறது? நீயே மீட்டிங்குல எழுந்து கேளு" என்றான். பேரவைக் கூட்டத்தில் பெண்கள் உட்கார்ந்து கேட்பார்கள். எழுந்து பேசிப் பழக்கமில்லை. ஜெசிந்தாவும் அதுவரை பேசியதில்லை.

ஞாயிறு பூசைக்குப் பின் கூட்டம் நடந்தது. பந்தல், மைக், பிரியாணி என்று எல்லாம் பேசி முடித்து, ஃபாதர் ஜோஷ்வா ஜெபம் சொல்ல எழுந்தபோது ஜெசிந்தாவும் எழுந்துவிட்டாள்.

"ஃபாதர், ஒரு நிமிசம்."

எல்லாத் தலைகளும் திரும்பின.

"மாமா ஆசையா பொட்டி வாங்கினு வந்துக்கீறாரு. அவுரு மனசு எனக்குத் தெரியும். ஆனா அந்த போர்டப் பாத்ததுலருந்து எனக்குத் தூக்கமில்ல. தொடாதீங்க, தொடாதீங்கன்னு நம்ம ஜனம் எத்தினி தலமுறயா கேட்டுகினு கீது? கொளத்துல கேட்டோம். கெணத்துல கேட்டோம். டீக்கடையில கேட்டோம். இந்தக் கோயில நம்ம தாத்தனுங்க கையாலதான் தூக்கி வெச்சாங்க. இது ஒண்ணுதான் யாரையும் கேக்காம நாம தொட்ட எடம். இதுலயும் அந்த வார்த்தய நாமளே எழுதி மாட்டணுமா?"

அவள் நிறுத்தவில்லை.

"ஒடஞ்சா ஒடையட்டும். தேஞ்சா தேயட்டும். நான் திரும்பச் செய்றேன். என் கையி நல்லாத்தான கீது? எம்பொண்ணு கண்ணாடிய தடவிட்டுப் போறதுக்கு நான் இத செய்யல."

சொல்லிவிட்டு உட்கார்ந்தாள். பின் வரிசையில் யாரோ ஒரு பெண் கை தட்டினாள். அடுத்தவள் தட்டினாள். பிறகு பெண்கள் பக்கம் முழுவதும். ஃபாதர் ஜோஷ்வா சின்னராசுவைப் பார்த்தார்.

சின்னராசு தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தார். பிறகு எழுந்து விறுவிறுவென்று கோயிலுக்குள் போனார். கோபித்துக்கொண்டு போகிறார் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். அவர் திரும்பி வந்தபோது பலகை அவர் கக்கத்தில் இருந்தது.

"எங்கப்பன் டீக்கடையில தனி கிளாஸுல குடிச்ச ஆளு," என்றார். குரல் உடைந்திருந்தது. "எனக்கு இது தோணல பாரு. தோணவே இல்ல." ஜெசிந்தாவின் பக்கம் திரும்பினார். "பொட்டிய இன்னா பண்றது? கடைக்காரன் திருப்பி எடுத்துக்க மாட்டான்."

"கோயில கட்டுன அந்த வெள்ளக்கார சாமியாரோட பூசைப் பாத்திரம் பீரோவுலயே கெடக்குதே மாமா," என்றாள் ஜெசிந்தா. "அத வெச்சிடலாம். வெளக்கு போட்டா ஜொலிக்கும்."

சின்னராசுவின் முகம் மலர்ந்துவிட்டது. அன்று சாயங்காலமே பாத்திரத்தைப் புளி போட்டுத் துலக்கச் சொல்லி, கூடவே நின்று மேற்பார்வை பார்த்தார்.

விழா நாளில் சவேரியார்பாளையம் கொள்ளாத கூட்டம். படாளத்திலிருந்து கோயில்வரை தோரணம். ஜெபாவின் பழைய பள்ளியிலிருந்து பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு ஒரு பஸ் வந்தது. ஓட்டி வந்தவன் ஆல்வின். கோயிலின் பக்கவாட்டு மண்டபத்தில், எல்லாக் கையும் எட்டுகிற உயரத்தில் ஒரு மேசை. அதன்மேல் தேக்குக் கோயில். மேசைக்குப் பக்கத்தில் பட்டுப் பாவாடை தாவணியில் ஜெபா. வழிகாட்டி அவள்தான்.

வெளியூரிலிருந்து அழைத்திருந்த ஓய்வுபெற்ற ஆயர் ஒருவர் முதலில் வந்தார். மாதிரியைப் பார்த்து, "ரொம்ப அழகா இருக்கு" என்றார்.

"ஆண்டவரே, பாத்தா போதாது," என்றாள் ஜெபா, ஆயர்களைக் கூப்பிடும் முறையில். "கண்ண மூடிக்கோங்க. ஏமாத்தக் கூடாது."

சுற்றி நின்றவர்கள் பதறினார்கள். ஆயர் சிரித்துக்கொண்டே கண்ணை மூடினார். இரண்டு கையையும் நீட்டி, கூரையைப் பிடித்து, சுவரில் இறங்கி, நாலு பக்கமும் தடவி, "ஏம்மா, வாசல் எங்கே போச்சு?" என்றார். மண்டபமே சிரித்தது. ஜெபா அவர் கையைப் பிடித்துப் படியில் கொண்டுபோய் வைத்தாள். அங்கிருந்து அவராகவே ஏறினார். மணிக்கயிறு தட்டுப்பட்டதும் இழுத்தார். கண்ணைத் திறக்காமலேயே இன்னொரு தடவை இழுத்தார்.

அவருக்குப் பின் பள்ளிப் பிள்ளைகள் வந்தார்கள். ஒரே சமயத்தில் ஆறேழு பேர் மேசையைச் சூழ்ந்துகொண்டு, "டேய், இங்க ஜன்னலு", "கூரைய தூக்கு, உள்ள பெஞ்ச் கீது", "மணி எங்கடா, எனக்கு விடு" என்று ஒரே அமளி. சின்னராசு தோளில் துண்டைப் போட்டுக்கொண்டு வரிசையைச் சரிசெய்தார். "தள்ளாதீங்கப்பா. எல்லாருக்கும் உண்டு. நல்லா தொட்டுப் பாரு, அமுக்கிப் பாரு, ஒண்ணும் ஆவாது" என்று மைக் இல்லாமலே மைக் குரலில் சொல்லிக்கொண்டிருந்தார். பார்வையுள்ள ஊர்ஜனமும் கண்ணை மூடிக்கொண்டு வரிசையில் வந்தது. பிரபாவதி வந்தாள், தன் கூடத்தில் பிறந்த கோயிலைத் தன் மாணவர்களுக்குக் காட்டினாள்.

ஜெசிந்தா மண்டபத்தின் ஓரத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். இத்தனை வருடத்தில் ஒரு தடவைகூடத் தான் இதைக் கண்ணை மூடித் தொட்டதில்லை என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. வெட்டும்போதும் ஒட்டும்போதும் எப்போதும் பார்த்துக்கொண்டேதான் இருந்தாள். யாரிடமும் சொல்லாமல் வரிசையின் கடைசியில் போய் நின்றாள்.

முறை வந்தது. கண்ணை இறுக மூடிக்கொண்டு கையை நீட்டினாள்.

"வாங்க, வணக்கம்," என்று ஜெபா எல்லோருக்கும் சொன்ன அதே குரலில் தொடங்கினாள். "மொதல்ல கீழ, படியிலருந்து..." கையைப் பிடித்தவள் நிறுத்திவிட்டாள். "மா? நீ இன்னாத்துக்கு லைன்ல நிக்கிற?"

"எனக்கும் காட்டு," என்றாள் ஜெசிந்தா.

ஜெபா நெருங்கி நின்றாள். தாயின் விரல்களைத் தன் விரல்களுக்கு அடியில் வைத்து, முதல் படியில் கொண்டுபோய் நிறுத்தினாள். தேக்கு வெதுவெதுப்பாக இருந்தது. எத்தனையோ கை பட்ட சூடு. கதவு வந்தது, வளைவு வந்தது, சொரசொரப்பான செங்கல் வந்தது. தான் செய்ததுதான், ஆனால் ஒவ்வொன்றும் புதிதாக வந்தது. இவ்வளவு பெரியதா இது என்று ஜெசிந்தாவுக்கு ஆச்சரியமாக இருந்தது. மூடிய கண்ணிலிருந்து நீர் வழிந்தது. துடைக்கக் கை காலியாக இல்லை.

"ஜெசி!" என்று பின்னாலிருந்து சின்னராசு கத்தினார். "பின்னால எவ்ளோ ஜனம் நிக்குது பாரு! சீக்கிரம் ஆவட்டும்மா!"

"இருங்க மாமா," என்றாள் அவள், கண்ணைத் திறக்காமல். "இன்னும் மேல போவணும்."